கைராசி தட்டிய கதவுகள்

பார்சல் கம்பெனியின் முதல் மேனேஜர் தன் வீட்டில் முகமெல்லாம் சோப்பு நுரையோடு சவரம் செய்துகொண்டிருந்த அதே நேரத்தில், ஊரின் மறுகோடியில் இருந்த தன் அலுவலக அறையின் கதவை உள்ளிருந்து திறந்து ஒரு பார்சலைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். அந்த அறைக்கு ஒரே கதவு. அதன் சாவி வெளியே குமாஸ்தாவின் மேசையில் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் கிடந்தது. மேனேஜர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டதும் குமாஸ்தா ஓடிப்போய்த் திறந்து பார்த்தார். மேசை, நாற்காலி, மின்விசிறி, தரையில் கொஞ்சம் நுரை. அவ்வளவுதான். கதவைத் தட்டியவள் வேலை கேட்டு வந்திருந்த ஒரு பெண். மதியம் மேனேஜர் சாவகாசமாக பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். பார்சல் அவர் கக்கத்தில் இருந்தது. "காலைல தட்டினது யாரு? அந்தப் பொண்ணையே எடுத்துக்க, மரியாதையாத் தட்டினா" என்று சொல்லிவிட்டு மற்றக் காகிதங்களைப் பார்க்க உட்கார்ந்துவிட்டார். நுரையைக் குமாஸ்தாதான் துடைத்தார்.

அது ஒரு பரீட்சை. அந்தக் காலத்தில் கம்பெனிக்கு வேதவாக்கு ஒன்றே ஒன்றுதான்: பார்சலில் யார் பேர் இருக்கிறதோ அவர் கையில் கொடுக்க வேண்டும். பக்கத்து வீட்டில் கொடுப்பது, ஜன்னல் வழியாகப் போடுவது, வாசலில் வைத்துவிட்டு வருவது எல்லாம் பாவம். வேலை கேட்டு வருகிறவர்களிடம் மேனேஜர் பேர் போட்ட பெட்டி ஒன்றைக் கொடுத்து, அவர் இல்லாத நேரமாகப் பார்த்து, அறைக் கதவைத் தட்டச் சொல்வார்கள். ஆள் இல்லை என்று தெரிந்து பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்தால் வேலை உண்டு. வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டால் போய்வரலாம். ஒரு வீட்டுக்கு ஒரு வேலை என்பது இன்னொரு சட்டம். அன்று வந்தவர்களில் அந்தப் பெண்ணும் அவள் தம்பியும் இருந்தார்கள். உண்மையைச் சொன்னால் தம்பிதான் கெட்டிக்காரன். அவளுக்கு வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுத்ததே அவன்தான். அக்கா சும்மா துணைக்கு வந்து, வந்ததற்கு ஒரு விண்ணப்பம் போட்டுவைத்தவள். தம்பி முதலில் தட்டினான், காத்திருந்தான், மறுபடி தட்டினான். பிறகு நல்ல பிள்ளையாக, "சார் வந்தா நீங்களே குடுத்துடுங்க" என்று பெட்டியைக் குமாஸ்தாவிடம் நீட்டினான். புத்தியுள்ள எவனும் செய்கிற காரியம் அது. அதனால்தான் தோற்றான். அடுத்து அக்கா தட்டினாள், கதவு திறந்தது.

வீட்டுக்கு வந்து பையில் துணியை அடைக்கும்போது தம்பி கேட்டான். "நான் தட்டினா செவுரு, நீ தட்டினா கதவா? அந்தக் குமாஸ்தாவோட சேந்து என்ன பண்ணினே?" அவள், "ஒண்ணும் பண்ணலடா, தட்டினேன், அவ்வளவுதான்" என்றாள். அதை அவளே நம்பும்படி அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. அன்று சாயங்காலம் அவன் ஒரு லாரியில் ஏறிப் போனான். அதற்குப் பிறகு அவனைப் பற்றிக் கடிதமும் இல்லை, காற்றுவாக்கில் ஒரு சேதியும் இல்லை.

அவள் கம்பெனி கொடுத்த சாம்பல் நிறக் கோட்டைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். கொஞ்ச நாளிலேயே விஷயம் தெளிவாகிவிட்டது. அவள் தட்டினால், பார்சலில் பேர் போட்டவர் எந்த ஊரில் இருந்தாலும் எந்தக் கோலத்தில் இருந்தாலும் அந்த வீட்டுக் கதவை அவரே வந்து திறப்பார், கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை இருப்பார், முடிந்ததும் பார்சலோடு இருந்த இடத்துக்கே போய்விடுவார். பாதி முடி வெட்டிய தலையோடு கழுத்தில் துணி கட்டியபடி ஒருவர் வந்தார். தூர தேசத்தில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர் ஸ்டீயரிங் பிடித்த கைகளை அப்படியே வைத்தபடி வந்தார். அவர் திரும்பும்வரை பஸ் நேராகத்தான் போனது, பயணிகள் ஒருவரும் கவனிக்கவில்லை. ஊர் அவளுக்குக் கைராசி என்று பேர் வைத்தது, சொந்தப் பேர் சம்பளச் சீட்டோடு நின்றுவிட்டது. வெளியூரில் பிழைக்கப் போனவர்களின் வீட்டார் உப்புப் பொட்டலம், பழைய செய்தித்தாள், ஒற்றைச் சாக்ஸ் என்று கையில் கிடைத்ததைக் கட்டி, போனவர் பேரைப் போட்டு, தங்கள் வீட்டு விலாசத்துக்கே அனுப்ப ஆரம்பித்தார்கள். கம்பெனிக்கு வியாபாரம் கொழித்தது. அது காரணம் எதுவும் கேட்கவில்லை, வருகிற சீதேவியை யார் வேண்டாம் என்பார்கள்.

ஊருக்குத்தான் ஆயிரம் சந்தேகம். அங்கே மழையில் நனைந்துகொண்டிருந்தவர் இங்கே வந்து நின்றால் இந்தத் தரை ஈரமாகுமா? ஆனது, துடைக்கவும் வேண்டியிருந்தது. இங்கே குடித்த டீ அங்கே பசியாற்றுமா? ஆற்றும், ஏப்பம் மட்டும் அங்கே போய்த்தான் வரும் என்று ஒருவர் கடிதம் எழுதினார். பள்ளிக்கூட விஞ்ஞான வாத்தியார் கம்பெனிக் கிடங்கின் முற்றத்தில் சுவரில்லாமல் ஒரு நிலையும் கதவும் மட்டும் நட்டுத் தட்டச் சொன்னார். யாரும் வரவில்லை, பின்னால் வீடு இருந்தால்தான் கதவு கதவாகும் என்று எழுதிக்கொண்டு போனார். மற்ற டெலிவரி ஆட்கள் அவள் தட்டுகிற தாளத்தைப் பழகிப் பார்த்தார்கள், அவளுடைய கையுறையைக்கூட இரவல் வாங்கிப் பார்த்தார்கள். விரல் வீங்கியதுதான் மிச்சம். ஒரு தடவை அவள் தவறிப்போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிவிட, அந்த வீட்டோடு ஜென்மப் பகை வைத்திருந்த, பார்சலுக்கு உரிய மனிதர் இடுப்பில் துண்டோடு எதிரியின் கூடத்திலிருந்து வெளியே வந்தார். கையெழுத்துப் போடப் பேனா எதிரிதான் கொடுத்தார். பேச்சுவார்த்தை அன்று தொடங்கியது.

அப்போது மூன்று தாளில் கையெழுத்து. வெள்ளைத் தாளில் ஒன்று, மஞ்சளில் ஒன்று, இளஞ்சிவப்பில் விலாசத்தோடு ஒன்று. பிறகு கட்டிய கயிற்றை அவிழ்த்து, உள்ளே சேதமில்லை என்று பார்த்துச் சொல்ல வேண்டும். வீட்டார் இந்த வேலையை எவ்வளவு இழுக்க முடியுமோ அவ்வளவு இழுத்தார்கள். மை இல்லாத பேனாக்களைச் சேர்த்து வைத்தார்கள். கயிற்றில் குழந்தைகளை விட்டு முடிச்சுமேல் முடிச்சாகப் போடச் சொன்னார்கள். அதற்குள் வந்தவர் உட்கார்ந்து சாப்பிட்டார், மகனைத் திட்டினார், ஒழுகுகிற குழாயைச் சரிசெய்தார். கைராசி வாசற்படியில் முதுகைத் திருப்பி உட்கார்ந்து, கொடுத்த டீயைக் குடித்தபடி தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கம்பெனி அவளை அவசரப்படுத்தவில்லை. வீட்டில் உட்காரச் சொன்னால் உட்காரலாம் என்று சட்டப் புத்தகத்திலேயே இருந்தது.

எல்லாக் கதவும் திறந்துவிடவில்லை. கண்ணாடிக் கடைக்காரர் மனைவியின் மூத்த மகன் கப்பல் வேலைக்குப் போய் நெடுநாளாகத் தகவல் இல்லை. அவள் ஒரு சட்டை வாங்கி அவன் பேருக்கு அனுப்பினாள். கைராசி தட்டினாள். திறக்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் காத்துக்கொண்டிருந்த தாய், "இன்னொரு தடவ தட்டும்மா" என்றாள். தட்டினாள். "கொஞ்சம் பலமா தட்டேம்மா, அவனுக்குத் தூக்கம் ஜாஸ்தி" என்றாள். கைராசி முட்டி தேயத் தட்டினாள். உயிரோடு இருக்கிறவர்கள்தான் வந்து திறப்பார்கள் என்பது ஊருக்கு அன்றுதான் தெரிந்தது. கப்பல் கம்பெனியின் தந்தி பிறகு வந்து அதை உறுதிசெய்தது. தம்பி பேருக்கு ஏன் ஒன்றும் அனுப்பிப் பார்க்கவில்லை என்று அதற்குப் பிறகு யார் கேட்டாலும் கைராசி, ஊழியர் தன் சொந்த வீட்டுக்குப் பார்சல் கொண்டுபோகக் கூடாது என்று சட்டம் இருப்பதாகச் சொல்வாள். சட்டம் இருந்தது நிஜம்தான். அவளைத் தடுத்தது பயம். தட்டாதவரை அவன் எங்கேயோ கோபமாக இருந்தான். தட்டினால் அதுவும் இல்லாமல் போகலாம்.

கல்யாணமானது. கணவர் லிஃப்ட் மெக்கானிக், மேலே போவது கீழே வருவது தவிர உலகில் எதிலும் அதிசயப்படாதவர். ஒரு மகள் பிறந்தாள். மகள் தவழ்ந்துகொண்டிருந்தபோது கம்பெனிக்குப் புதிதாக ஒரு மேனேஜர் வந்தார். கையில் கடிகாரத்தோடு டெலிவரி ஆட்களின் பின்னாலேயே நடந்ததால் அவருக்கு நேரக்காரர் என்று பேர். டீ குடிக்கிற நேரம், செருப்பு வாரைச் சரிசெய்கிற நேரம், நாய்க்குப் பயந்து நிற்கிற நேரம் எல்லாவற்றையும் அளந்து, மூன்று தாளை ஒரு தாளாக்கினார், கயிற்றுக்குப் பதில் டேப் ஒட்டினார். வந்தவர்கள் சாப்பிட நேரமில்லாமல் கையில் ஒரு கவளத்தோடு திரும்பிப் போனார்கள். ஊர் சும்மா இருக்கவில்லை, கையெழுத்தை நீட்டிவிட்டது. அப்பா பேர், தாத்தா பேர், குடியிருக்கிற தெரு, பட்டப் பெயர் எல்லாவற்றையும் சேர்த்து எழுதிக் கீழே கோலம் போல ஒரு சுழியும் போட்டார்கள். எங்கள் ஊர்க்காரர்களின் கையெழுத்தைப் பார்த்து வங்கிகள் இன்றைக்கும் கலங்குவது அதனால்தான்.

பிறகு ஸ்கேனர் வந்தது. கண்ணாடித் திரையில் விரலால் கிறுக்கினால் போதும், யார் பேரும் அதில் மண்புழு மாதிரிதான் விழும். இப்போது கதவு திறந்து மூடுவதற்குள் "நல்லா இருக்கியா?" என்று கேட்க முடிந்தது, பதிலைக் கேட்க முடியவில்லை. பதிலுக்காகவே சிலர் இரண்டாவது பார்சல் அனுப்பினார்கள். அதன் பிறகு வண்டிக்குள் ஒரு கேமரா வைத்தார்கள். அது கைராசி கொட்டாவி விட்டால் கீச்சென்று கத்தும், பக்கவாட்டில் திரும்பினால் கத்தும், தனக்குள் பேசிக்கொண்டால் ஒரு மாதிரி யோசித்துவிட்டுக் கத்தும். வாசற்படியில் உட்காருவது போயிற்று. தண்ணீரைக்கூட ஓட்டிக்கொண்டேதான் குடித்தாள். கடைசியில், தட்டுவதே வீண் என்று மேலிடத்தில் யாரோ கண்டுபிடித்தார்கள். பார்சலை வாசலில் வை, போட்டோ எடு, போய்க்கொண்டே இரு. எது பாவமாக இருந்ததோ அதுவே விதியாயிற்று. தட்டினால் வாடிக்கையாளர்கள் தொந்தரவாக நினைக்கிறார்கள் என்று காரணமும் சொன்னார்கள். அது பொய்யும் இல்லை, ஊரில் பாதிப் பேர் அப்போது புதியவர்கள். கைராசி தட்டாத கைராசி ஆனாள். அதைப் பற்றி ஊரில் பெரிதாக வருத்தம் எழவில்லை, ஆளுக்கொரு போன் வந்துவிட்டது, அதில் முகம் தெரிந்தது. தொட்டுத் திட்ட முடியாது என்பதுதான் குறை.

அதற்கடுத்து ஒரு நாள் கிடங்கில் எல்லாரையும் கூட்டிக் கேக் கொடுத்து, நாளையிலிருந்து நீங்கள் ஊழியர்கள் இல்லை, பார்ட்னர்கள் என்றார்கள். வண்டி அவரவர் வண்டி, பெட்ரோல் அவரவர் பெட்ரோல், முதுகுவலியும் அவரவர் சொந்தம், வண்டிக்குள் இருந்த கேமரா மட்டும் கம்பெனிக்குச் சொந்தம். சாம்பல் கோட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். மேனேஜர் என்று ஒருவர் இல்லாமல் போனார், போனில் ஒரு ஆப் இருந்தது. அடுத்து எந்த வீடு என்று அது சொல்லும். கோபித்துக்கொள்ளக்கூட அதற்கு முகம் கிடையாது. கைராசிக்கு அது ஒரு எண் கொடுத்திருந்தது. அவள் எங்கே குடியிருக்கிறாள், யார் வீட்டுப் பெண், என்ன செய்யக்கூடியவள் என்று எதுவும் அதற்குத் தெரியாது. சொந்த வீட்டுச் சட்டம் அப்படியே செத்துப்போனது, அதை யாரும் அறிவிக்கவும் இல்லை.

அதைக் கவனித்தவள் மகள். அவள் இப்போது கண்ணாடி போட்ட, கல்லூரியில் படிக்கிற, எதையும் குடைந்து பார்க்காமல் விடாத பெண். "ஏம்மா, ஊர்ல அத்தன பேர வரவெச்சே, மாமாவ மட்டும் ஏன் கூப்பிடல?" என்று கேட்டாள். "சட்டம் இருந்துச்சு." "இப்ப இல்லயே." "இப்ப எனக்கு வேல இருக்கு" என்று கைராசி எழுந்து போய்விட்டாள். மகள் போனை எடுத்தாள். மாமா பேருக்கு, தங்கள் வீட்டு விலாசத்துக்கு, ஒரு ஜோடி செருப்பு ஆர்டர் போட்டாள். அதை யாரோ ஒரு பையன் வாசலில் வைத்துப் போட்டோ எடுத்துவிட்டுப் போனான். மறுபடி போட்டாள், வேறு யாரோ வந்தார். மாமாவின் கால் அளவு தெரியாததால் ஒவ்வொரு தடவையும் வேறு அளவு. கட்டிலுக்கடியில் செருப்புப் பெட்டிகள் ஏறிக்கொண்டே போயின. லிஃப்ட் மெக்கானிக் ஒரு நாள் குனிந்து பார்த்துவிட்டு, "வீட்ல பூரான் யாராச்சும் வாடகைக்கு வராங்களா?" என்று மட்டும் கேட்டார். ஆப் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் குருட்டாம்போக்கில் அம்மாவிடம் கொடுத்துத்தானே ஆக வேண்டும் என்று மகள் பொறுமையாக இருந்தாள்.

ஒரு வெயில் மதியம் ஆப் அப்படியே கொடுத்தது. கைராசி பார்சலை எடுத்துப் பேரைப் படித்தாள். தன் வீட்டு வாசலில் தன் வண்டியிலேயே உட்கார்ந்துகொண்டிருந்தாள். கேமரா கீச்சென்றது. இறங்கினாள். வாசலில் வைத்துவிட்டுப் போட்டோ எடுத்தால் முடிந்தது, அவன் எங்கேயோ கோபமாகவே இருந்துவிட்டுப் போகலாம். குனிந்து வைத்தாள். போனை எடுத்து நீட்டினாள். திரையில் பெட்டி தெரிந்தது, அதன்மேல் தம்பியின் பேர் தெரிந்தது, அவனுக்குப் பேர் வைத்த அன்று தொட்டிலை ஆட்டியது அவளுக்கு ஞாபகம் வந்தது. போனை இறக்கிக்கொண்டு பெட்டியைக் கையில் எடுத்தாள். பிறகு தட்டினாள்.

திறக்கவில்லை. உள்ளே மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது கைராசிக்குத் தெரிந்தது. கண்ணாடிக் கடைக்காரர் மனைவி கதவுக்குப் பின்னால் எப்படி நின்றாள் என்பதும் அப்போதுதான் சரியாகப் புரிந்தது. மறுபடி தட்டினாள், பழைய மாதிரி, மரியாதையாக. தாழ்ப்பாள் நகர்ந்தது.

நரைத்த தலை, மின்னுகிற மஞ்சள் நிறக் கம்பெனிச் சட்டை, மணிக்கட்டில் வார் போட்டுக் கட்டிய சின்ன ஸ்கேனர், கையில் பாதி ஒட்டிய ஒரு அட்டைப்பெட்டி. கம்பெனியின் வேறொரு கிடங்கில், தொலைதூர ஊர் ஒன்றில், அவன் பார்சல் கட்டுகிற வேலையில் இருந்திருக்கிறான். பல வருஷமாக இந்த ஊருக்கு வந்த பெட்டிகளில் பாதியை அவன்தான் ஒட்டி அனுப்பியிருக்கிறான். அக்காவை மேலும் கீழும் பார்த்தான்.

"எங்க கையெழுத்துப் போடணும்?" என்றான்.

"இப்பல்லாம் கையெழுத்து கெடையாதுடா. ஒரு போட்டோ, அவ்வளவுதான்."

"எடுத்தா?"

"நீ போயிடுவே."

அவன் மணிக்கட்டில் இருந்தது சிணுங்கியது, வேலை செய்யாமல் நிற்கிறாய் என்று. அவள் போனும் சிணுங்கியது, அடுத்த வீட்டுக்கு நேரமாகிறது என்று. "நான் அன்னிக்கு ஏமாத்தலடா" என்றாள் கைராசி. இத்தனை வருஷம் ஒத்திகை பார்த்த வாக்கியம். "தெரியும்க்கா. அப்புறம் எத்தன கதவு தட்டினேன், ஒண்ணும் தொறக்கல, அது உன் கையோட ராசின்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. திரும்பி வரத்தான் வெக்கமா இருந்துச்சு" என்றான் தம்பி. பிறகு அவள் கையில் இருந்த போனைப் பார்த்து, "அவசரமா எடுக்கணுமா?" என்று கேட்டான்.

எடுக்கவில்லை. வீட்டுக்குள் போனார்கள். அந்தத் தொலைதூர ஊரில் அவனுக்கு யார் இருக்கிறார்கள் என்று மகள் கேட்டாள். ஒரே கட்டிலை ஷிஃப்ட் போட்டுப் படுக்கிற அறை நண்பர்கள் என்றான். அவர்களில் யாருடைய முகத்தையும் விழித்த நிலையில் பார்த்ததில்லையாம். வண்டியில் கேமரா வெகுநேரம் கத்திக்கொண்டிருந்தது. கம்பெனி எச்சரிக்கைக்குமேல் எச்சரிக்கை அனுப்பியது. பொழுது சாய்வதற்குள், உங்கள் கணக்கு நிரந்தரமாக மூடப்பட்டது என்று போனில் வந்தது. கைராசி தம்பியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள், மகள் இன்னொரு கையை. டெலிவரி முடிந்தால் ஆள் போய்விடுவார் என்பது எல்லாருக்கும் தெரியும். கணக்கே மூடினால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. லிஃப்ட் மெக்கானிக் ரேடியோவைக்கூட நிறுத்திவிட்டார். கொஞ்ச நேரம் பார்த்தார்கள். தம்பி இருந்தான். இன்னும் கொஞ்சம் பார்த்தார்கள். "கை வலிக்குதுக்கா" என்றான். கம்பெனி ஆளை மூடியதே தவிர பார்சலை மூட மறந்துவிட்டது. அந்த இரண்டும் வேறு வேறு இலாகா.

கிடங்கில் அவனை யாரும் தேடவில்லை. மணிக்கட்டு ஸ்கேனர் தானாக அணைந்துபோனது, அவன் இடத்தில் மறு ஷிஃப்டிலேயே இன்னொருவர் நின்றுகொண்டிருந்தார். தம்பிக்கு இப்போது தெருமுனைச் சைக்கிள் கடையில் வேலை. கட்டிலுக்கடியில் இருந்த ஜோடிகளில் ஒன்று அவன் காலுக்குச் சரியாக இருந்தது. அன்று அவனை வரவழைத்த பார்சலை மட்டும் பிரிக்கவில்லை, பிரிட்ஜின் மேல் இருக்கிறது. தூசி தட்டும்போது கைராசி அதைத் தூக்காமல் சுற்றித் துடைக்கிறாள். செருப்பு எங்கே போயிற்று என்று மகள் எப்போதாவது ஆப்பில் பார்ப்பாள். டெலிவரிக்குக் கிளம்பிவிட்டது, இன்றைக்குள் வந்து சேரும் என்று அது தினமும் சொல்கிறது. சரி, வரட்டும் என்று போனை வைத்துவிட்டு மாமாவுக்குச் சாப்பாடு போடப் போகிறாள்.